பத்து நாள் நேபாளமும் முந்நூறு மீட்டர் ஹாஸ்டலும்

இன்னைக்குக் கொஞ்சம் நீளமா எழுதியிருக்கேன். கடைசிவரைக்கும் படிச்சிட்டு, அப்புறம் திட்டணும்னு தோணினா தாராளமா திட்டுங்க.

போன வாரம் நம்ம கோயில் வாட்சப் குழுவுல ஒரு போஸ்டர் சுற்றியதைப் பார்த்திருப்பீங்க. நம்ம வட்டாரத்துல உள்ள ஒரு சபையின் வாலிபர் குழு சனிக்கிழமை கார் கழுவி பணம் சேர்க்கிறாங்க. வருஷக் கடைசியில 16 பேர் நேபாளத்துக்கு பத்து நாள் 'மிஷன்' பயணம் போறாங்க, அதுக்குத்தான் அந்தப் பணம். போஸ்டர் வந்த ராத்திரி குழுவுல நூத்துக்கும் மேல மெசேஜ். "நம்ம பிள்ளைகளைப் பிடிச்சது போதாதுன்னு இப்ப நேபாளமா?" என்று ஒருத்தர். "உலகத்துலேயே இந்துக்கள் அதிகமா வாழுற நாடுகள்ல அது ஒண்ணு, அங்க போய் இவங்களுக்கு என்ன வேலை?" என்று இன்னொருத்தர். "யாரும் அங்க காடி கழுவப் போகக்கூடாது" என்று மூணாவது ஆள். நானும் கோபத்துல ஒரு மெசேஜ் போட்டேன். அதை அப்புறம் அழிச்சிட்டேன். ஏன் அழிச்சேன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல எனக்கு இதுல உள்ள சொந்த விஷயத்தை மறைக்காம சொல்லிடறேன். அந்த 16 பேர்ல ஒரு பிள்ளை என் சின்ன மகளோட உயிர்த்தோழி. ரெண்டு பேரும் ஒண்ணாம் ஆண்டிலிருந்து ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே இடைநிலைப்பள்ளி, இப்போ ஆறாம் படிவமும் ஒண்ணாத்தான். போன மாசம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது மகள் கேட்டாள், "அப்பா, ஒரு இடம் காலியா இருக்காம். நானும் போகட்டுமா? நான் ஜெபம் பண்ணப் போகலப்பா. பள்ளிக்கூடத்துக்குச் சாயம் அடிக்கிறாங்க, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்க. அதுக்கு மட்டும்."

ஒரு ஆளுக்கு 3,200 வெள்ளி. ஆனா எனக்குக் கோபம் வந்தது பணத்தை நினைச்சு இல்ல. முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டேன். அவ எதிர்த்துப் பேசல. மெதுவா ஒரு கேள்வி மட்டும் கேட்டா. "நம்ம கோயில்ல எனக்கு என்னப்பா வேலை இருக்கு? கோலம் போடலாம், பூ கட்டலாம், திருவிழாவுல தாம்பாளம் தூக்கலாம். அதுக்கு மேல?"

இருபது வருஷமா கோயில்ல தொண்டு செய்றேன். அன்னதானம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல், கூட்டம் ஒழுங்கு பண்றது எல்லாத்துலயும் நிற்பேன். அவ கேட்டதுக்கு எனக்குப் பதில் வரல.

அந்த சனிக்கிழமை யாருக்கும் சொல்லாம நானே காடியை எடுத்துக்கிட்டு அங்க போனேன். பத்து வெள்ளி கொடுத்தேன், நல்லாத்தான் கழுவினாங்க. குழுத் தலைவர் முப்பது வயசுகூட இருக்காது, மரியாதையான பையன். "வாங்க அங்கிள்" என்று நாற்காலி போட்டார். நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். எந்த வேலையா இருந்தாலும் மூணு கேள்வி கேட்காம விடமாட்டேன். என்ன செலவு? என்ன கிடைக்குது? நாளைக்கு யார் பார்த்துக்குவா? அந்த மூணையும் அவர்கிட்ட கேட்டேன். அவரும் கோபப்படாம பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து நானும் கொஞ்சம் தேடிப் படிச்சேன். படிச்சதைச் சொல்றேன்.

முதல் கேள்வி செலவு. 16 பேருக்கு ஆளுக்கு 3,200 வெள்ளி என்றால் 51,200 வெள்ளி. அதுல பெரும்பகுதி விமான டிக்கெட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் போயிடும். அங்க சாயம் அடிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாமலா இருக்கு? நேபாளத்து ஆள்தான் நம்ம ஊர்ல வந்து ஃபேக்டரியில உழைக்கிறான், காவல் நிற்கிறான். அந்தப் பணத்தை அனுப்பி அங்க உள்ளவங்களுக்கே வேலை கொடுத்தா எத்தனை பள்ளிக்குச் சாயம் அடிக்கலாம்?

இது கோயில்காரன் பொறாமையில சொல்ற கணக்குன்னு நினைக்காதீங்க. 1998இல் மிட்ச் என்ற புயல் மத்திய அமெரிக்காவுல உள்ள ஹோண்டுராஸ் நாட்டைச் சின்னாபின்னமாக்கியது. அதுக்கப்புறம் வட அமெரிக்க சபைகள் குழுகுழுவாகப் போய் வீடு கட்டிக்கொடுத்தாங்க. அந்த நாட்டிலேயே தங்கி வேலை செஞ்ச கர்ட் வெர் பீக் என்ற கிறிஸ்தவப் பேராசிரியர் அதை ஆராய்ந்து 2006இல் எழுதினார். வெளியிலிருந்து வந்த குழு ஒரு வீடு கட்ட, பயணச் செலவெல்லாம் சேர்த்து ஏறக்குறைய 30,000 டாலர். உள்ளூர் கிறிஸ்தவ அமைப்பு அதே மாதிரி வீட்டைச் சுமார் 2,000 டாலரில் கட்டியது. வீடு கிடைச்ச குடும்பங்களுக்கு யார் கட்டினாங்கன்றதால பெரிய வித்தியாசம் எதுவும் இல்ல. போய்வந்தவங்க வாழ்க்கையிலும் அவங்க நினைச்ச அளவுக்கு நிலைச்ச மாற்றம் இல்லன்னு அவரே எழுதியிருக்கார். ஒரு வீட்டுக்குப் பதினைந்து வீடு. என் லைன்ல இப்படி ஒரு கணக்கு வந்தா மேனேஜர் என்னை உட்கார வச்சு விசாரிப்பார்.

ரெண்டாவது கேள்வி, என்ன கிடைக்குது. பத்து நாள் பிள்ளைகளோட விளையாடி, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, கட்டிப்பிடிச்சு அழுதுட்டு வந்துடுவாங்க. அடுத்த மாசம் வேற குழு வரும். அந்தப் பிள்ளையை நினைச்சுப் பாருங்க. கம்போடியாவுல இதனால என்ன ஆச்சுன்னு 2011இல் அந்த நாட்டு அரசாங்கமும் யுனிசெஃப்பும் சொன்னாங்க. அஞ்சே வருஷத்துல பிள்ளைகள் இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் மடங்கு கூடியிருந்தது. ஆனா அந்த 'அனாதை'ப் பிள்ளைகள்ல ஏறக்குறைய நாலுல மூணு பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருந்தாங்க. வெளிநாட்டுக்காரர் வந்து பார்த்துப் பணம் கொடுக்கிறாங்க, அதனால இல்லம் பெருகுது. இல்லம் பெருகினா அதை நிரப்பப் பிள்ளை வேணும். ஏழைத் தாய்கிட்ட "படிக்க வைக்கிறோம்" என்று சொல்லி வாங்கிக்கிட்டு வந்துடறாங்க. வந்து கொஞ்சினவங்க யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா அந்த நல்ல மனசே பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கிற வேலைக்குப் பயன்பட்டுடுச்சு.

மூணாவது, நாளைக்கு யார் பார்த்துக்குவா. நேபாளத்துல இது சட்ட விஷயமும்கூட. 2015இல் வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, ஒருத்தரை மதம் மாற்றுவதைத் தடை செய்யுது. 2018 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் அதுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை, வெளிநாட்டுக்காரர் என்றால் நாடு கடத்தல். பத்து நாள் கழிச்சு நம்ம ஊர்ப் பிள்ளை விமானம் ஏறிடும். அங்க இவங்களுக்கு இடம் கொடுத்த உள்ளூர் சபைக்காரர் மாட்டிக்கிட்டா? அதைக் கேட்டதும் தலைவர் கொஞ்சம் நேரம் பேசல. "நேரடியா எதுவும் சொல்லமாட்டோம் அங்கிள், கேட்டா மட்டும் சொல்வோம்" என்றார்.

ஆபத்தைத் தெரிஞ்சும் போய் மாட்டிக்கிட்ட கதையும் உண்டு. 2007 ஜூலையில் தென்கொரியாவின் செம்முல் சபையிலிருந்து 23 பேர், பாதிக்கு மேல பெண்கள், சேவை செய்ய ஆப்கானிஸ்தானுக்குப் போனாங்க. காபூலிலிருந்து காந்தகார் போற பஸ்ஸை வழியிலேயே தாலிபான் பிடிச்சிட்டாங்க. ரெண்டு ஆண்களைச் சுட்டுக் கொன்னாங்க, ஒருத்தர் குழுவை அழைச்சுக்கிட்டுப் போன பாதிரியார். மீதிப் பேர் விடுதலையாகி முடிய ஆறு வாரம் ஆச்சு. விமான நிலையத்துல "ஆப்கானிஸ்தான் போகாதீங்க" என்ற அரசாங்க எச்சரிக்கைப் பலகை பக்கத்திலேயே அவங்க சிரிச்சுக்கிட்டு எடுத்த படம் அப்புறம் ஊரெல்லாம் சுற்றியது. அந்த நாட்டு மக்களே அவங்க மேல கோபப்பட்டாங்க. நேபாளம் ஆப்கானிஸ்தான் இல்ல, தெரியும். ஆனா 'நல்ல காரியத்துக்குப் போறோம், கடவுள் பார்த்துக்குவார்' என்ற அந்த நினைப்பு இருக்கே, அது ஆபத்தானது.

இவ்வளவும் படிச்சதும் எனக்கு ரொம்ப திருப்தி. மகளைக் கூப்பிட்டு உட்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். அவ கேட்டுட்டு, "சரிப்பா, பத்து நாள் போறது தப்பு. அப்போ கூடவே இருக்கிறது சரியா?" என்றாள்.

சரிதான். அதை நான் ஒத்துக்கத்தான் வேணும். தமிழ்ப்பள்ளியில படிச்ச நம்ம எல்லாருக்கும் ஜி.யூ.போப்பைத் தெரியும். 19 வயசுல, 1839இல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். மதம் பரப்பத்தான் வந்தார், அதுல ஒளிவுமறைவு இல்ல. ஆனா பல வருஷம் தங்கித் தமிழ் படிச்சார். 1886இல் திருக்குறளையும், 1900இல் தன் 80ஆவது வயசுல நம்ம திருவாசகத்தையும் இங்கிலீஷ்ல கொண்டுபோனார். சொல்லிக்கொடுக்க வந்தவர் கத்துக்கிட்டுப் போனார். பத்து நாள்ல திரும்பியிருந்தா மாணிக்கவாசகர் பேர்கூட அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

இங்க ஈப்போவையே எடுத்துக்குங்க. மெதடிஸ்ட் பாதிரியார் ஹோர்லி 1895இல் தொடங்கினது ஏ.சி.எஸ். பள்ளி. கான்வென்ட் 1907. லசால் பிரதர்ஸ் நடத்தின செயின்ட் மைக்கல் 1912. நம்ம கோயில் நிர்வாகத்துல இருந்த பெரியவங்க எத்தனை பேர் அந்தப் பள்ளிகள்ல படிச்சவங்க! படிச்சிட்டு வந்து திருநீறு பூசிக்கிட்டுத்தான் நம்ம கோயிலைக் கட்டினாங்க.

நம்ம பக்கத்துலயும் அப்படித் தங்கினவங்க இருக்காங்க. சுவாமி சத்தியானந்தா 1949இல் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். 1961இல் அவர் விபத்தில் மறைந்த பிறகு அன்னை மங்களம் அந்த இல்லத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டாங்க. 2023இல் 97 வயசுல கண்ணை மூடுற வரைக்கும் அங்கதான் இருந்தாங்க. அறுபது வருஷத்துக்கு மேல. எந்த இனம், எந்த மதம்னு பார்க்கல. அதுக்குப் பேர் சேவை.

நம்மள மாதிரி சாதாரண ஆளுங்க என்ன செய்றோம்? பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தா ஒரு அனாதை இல்லத்துக்குப் போறோம். கேக் வெட்டறோம், பிரியாணி கொடுக்கறோம், நடுவுல நம்ம பிள்ளையை நிற்க வச்சுப் படம் எடுத்து முகநூல்ல போடறோம். ரெண்டு மணி நேரம். அடுத்த வருஷம்தான் திரும்ப. அவங்க போறது பத்து நாள் மிஷன், நம்ம போறது ரெண்டு மணி நேர மிஷன். நானும் செஞ்சிருக்கேன், என் முகநூல்ல அந்தப் படம் இன்னும் இருக்கு.

இப்ப நான் அந்த மெசேஜை ஏன் அழிச்சேன் என்ற கதைக்கு வர்றேன். இதை எழுத எனக்கு வெட்கமா இருக்கு.

எங்க ஃபேக்டரியில என் லைன்ல நேபாளத்துப் பையன்கள் பன்னிரண்டு பேர். நம்ம கோயிலிலிருந்து முந்நூறு மீட்டர் தூரத்துல கடை வீட்டு மாடியில அவங்க ஹாஸ்டல். ரெண்டு வருஷத்துக்கு முன்னால விஜயதசமி அன்னைக்கு அன்னதான வரிசையை நான்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அஞ்சு பையன்கள் குளிச்சு, சுத்தமா சட்டை போட்டுக்கிட்டு வந்து செருப்பு வைக்கிற இடத்துக்கிட்ட நின்னாங்க. ஒருத்தன் என்னைப் பார்த்து மலாய்ல, "போஸ், போலே மாசோக்?" என்றான். உள்ளே வரலாமான்னு கேட்கிறான். கோயிலுக்குள்ள வர ஒரு இந்து என்கிட்ட அனுமதி கேட்கிறான்.

எனக்குப் பின்னால நின்ன ஒருத்தர், "சோத்துக்கு வந்திருக்கானுங்க" என்றார். நான் அதை மறுக்கல. "கடைசியில வாங்க, முதல்ல நம்ம ஆளுங்க சாப்பிடட்டும்" என்று கையைக் காட்டினேன். வேலை மும்முரத்துல மறந்தே போச்சு. சோறு தீர்ந்துடுச்சு. அவங்க வாசல்ல நின்னே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் ஷிப்ட்ல அந்தப் பையன் என்கிட்ட வந்தான். 24 வயசு. கோபமே இல்லாம சொன்னான், "போஸ், எங்க ஊர்ல நேத்து தசைன். பெரிய திருநாள். அம்மா நெத்தியில திகா வைப்பாங்க. இங்க யாரும் இல்ல, அதனால கோயிலுக்கு வந்தோம்."

தசைன்னா என்னன்னு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம நவராத்திரிதான். முதல் நாள் கலசம் வச்சு, வாற்கோதுமை விதையை மண்ணுல போட்டு இருட்டுல முளைக்க வைப்பாங்க. பத்தாம் நாள் அந்த மஞ்சள் முளையைக் காதுல செருகி, அரிசியும் தயிரும் சிவப்புப் பொடியும் குழைச்சு நெத்தியில பெரியவங்க வைப்பாங்க. நம்ம அம்மன் கோயில்ல முளைப்பாரி எடுக்கிறோமே, அதேதான். நேபாளத்துல நூத்துக்கு 81 பேர் இந்துக்கள். பெருமாள் கோயில்ல சாளக்கிராமம் வச்சுக் கும்பிடறோமே, அந்தக் கல் அவங்க நாட்டுக் கண்டகி ஆத்துல கிடைக்கிறது. முக்திநாத் நம்ம 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. முக்திநாத் போக நம்ம ஆளுங்க ஆயிரக்கணக்குல வெள்ளி செலவு பண்றாங்க. முக்திநாத் ஊர்க்காரன் நம்ம வாசல்ல நின்னான், சோறு இல்லன்னு அனுப்பிட்டோம்.

கதை அதோட முடியல. போன வருஷம் அந்தப் பையனோட அம்மா இறந்துட்டாங்க. டிக்கெட்டு எடுக்கப் பணம் இல்ல, லீவும் கிடைக்கல. அவங்க வழக்கத்துல மகன் தலையை மழிச்சு, வெள்ளை உடுத்தி, பதிமூணு நாள் கிரியை செய்யணும். அவன் ஹாஸ்டல் மாடியில தலையை மழிச்சுக்கிட்டு ஒரு மூலையில உட்கார்ந்திருந்தான். நம்ம கோயில்லேர்ந்து ஒருத்தரும் போகல. சத்தியமா எனக்கே நாலாவது நாள்தான் தெரியும். தெரிஞ்சும் "பாவம்" என்று சொல்லிட்டு ஐம்பது வெள்ளி கொடுத்தேன்.

அப்ப அவனோட உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? அதே சபையோட ஆளுங்க. ஞாயிற்றுக்கிழமைகள்ல நேபாளி மொழியில ஒரு கூட்டம் நடத்துறாங்க, அதுல உள்ளவங்க ரெண்டு பேர். நான் அவன்கிட்ட கேட்டேன், "உன்னை மதம் மாறச் சொன்னாங்களா?" அவன் சொன்னது இதுதான்: "இல்ல போஸ். ஒண்ணும் சொல்லல. பழம் வாங்கிட்டு வந்தாங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க."

இப்போ அவன் ஞாயிற்றுக்கிழமை அங்க போறான். மாறிட்டானான்னு நான் கேட்கல. கேட்கிற தகுதி எனக்கு இல்ல.

அந்த ராத்திரி, "நம்ம நேபாள இந்துக்களைக் காப்பாத்தணும்" என்ற மாதிரி நான் எழுதிய மெசேஜைப் பார்த்தேன். முந்நூறு மீட்டர்ல உள்ளவனைக் காப்பாத்தாத நான் காட்மாண்டுவுல உள்ளவனுக்காகப் பேசறேன். அழிச்சிட்டேன்.

அன்பர்களே, கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க. என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பால் வெட்டினவர். நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி, கடன் வாங்கி வந்தவர். அவங்க அப்பா இறந்த சேதி கடுதாசியில வந்து சேர ரெண்டு மாசம். லயத்து வாசல்ல உட்கார்ந்து மொட்டை போட்டுக்கிட்டார்னு பாட்டி சொல்வாங்க. அப்ப அந்த லயத்துல எல்லாரும் வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தாங்க. தோட்டத்து மாரியம்மன் கோயில் அதுக்குத்தான் இருந்தது. கும்பிட மட்டும் இல்ல, ஊர் விட்டு வந்தவனுக்கு ஒரு ஊரா இருக்க. தோட்டத்தை வித்ததும் நம்ம எல்லாம் சிலிபின், புந்தோங், ஜெலாப்பாங்னு வந்து சேர்ந்தோம். கோயிலையும் கட்டினோம். அது எதுக்குன்றது மட்டும் நமக்கு மறந்து போச்சு.

இந்த விஷயத்தை அரசாங்கமே புரிஞ்சுக்கிச்சு. தொழிலாளர் குடியிருப்புக்கான 446ஆவது சட்டம் 1990இல் வந்தது, தோட்டத்திலும் ஈயச்சுரங்கத்திலும் உள்ள தொழிலாளிகளுக்காக. அதாவது நம்ம லயத்துக்காக. 2019இல் அதைத் திருத்தி மத்தத் துறைகளுக்கும் விரிச்சாங்க. எங்க ஃபேக்டரி ஹாஸ்டலுக்கு வந்து கட்டில், கழிவறை எல்லாம் எண்ணிப் பார்க்கிறாங்களே, அது நம்ம தாத்தாவுக்காக எழுதின சட்டம். இன்னைக்கு லயத்துல இருக்கிறது நேபாளத்துக்காரன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சிலர் சொல்வாங்க, "அவனுங்க குடிச்சிட்டு சண்டை போடறானுங்க, கோயிலுக்குள்ள விட்டா பிரச்சனை" என்று. குடிக்கிறவன் அவங்கள்லயும் இருக்கான், நம்மள்லயும் இருக்கான். நம்ம தாத்தன் கள்ளுக்கடையில விழுந்து கிடந்ததைப் பார்த்து அன்னைக்கு வெள்ளைக்காரனும் இதையேதான் சொன்னான். "நிர்வாகத்துக்குப் பணம் இல்ல" என்று சொல்வாங்க. பன்னிரண்டு பேருக்குச் சோறு போட நிர்வாகப் பணம் வேண்டாம். இளையான்குடி மாறனார் கதையைத் திருமுறை வகுப்புல பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ராத்திரி மழையில அடியார் ஒருத்தர் கதவைத் தட்டினார். வீட்டுல ஒண்ணும் இல்ல. பகல்ல விதைச்ச நெல்லை வயல்லேர்ந்து அள்ளிட்டு வந்து சமைச்சுப் போட்டார். வந்தவர் எந்த ஊர், என்ன பாஷைன்னு அவர் விசாரிக்கல. 'முதல்ல நம்ம ஆளுங்க' என்றும் சொல்லல. அதைச் சொன்னது நான்.

அதனால என் மகளுக்கு நான் ஒரு பதில் சொன்னேன். "நேபாளம் போக வேண்டாம்னு சொல்லல. பத்து நாள் அங்க போறதுக்கு முன்னால பத்து ஞாயிற்றுக்கிழமை என்கூட அந்த ஹாஸ்டலுக்கு வா. அதுக்கப்புறமும் போகணும்னு தோணினா நானே 3,200 வெள்ளி தர்றேன்."

இது வரைக்கும் நாலு ஞாயிறு முடிஞ்சிருக்கு. முதல் வாரம் என்ன பேசறதுன்னு தெரியாம கேசரியை வச்சிட்டு நின்னோம். ரெண்டாவது வாரம் ஒருத்தனுக்குச் சம்பளச் சீட்டுல ஒரு பிடித்தம் புரியல, மகள் உட்கார்ந்து கணக்குப் போட்டு விளக்கினாள். மூணாவது வாரம் பல்வலின்னு ஒருத்தன், அவனை கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். நேபாளியில அண்ணனை 'தாய்' என்று கூப்பிடுவாங்களாம். என் மகள் சிரிச்சிட்டா. "அப்பா, நம்ம பாஷையில தாய்னா அம்மா" என்று அவங்களுக்குச் சொன்னா, இப்ப ஹாஸ்டல்ல எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. நாலாவது வாரம் அவளோட தோழி, அந்த சபைப் பிள்ளை, தானும் வரட்டுமான்னு கேட்டா. வாம்மான்னு சொன்னேன். ஒரே நிபந்தனை: நானும் தேவாரப் புத்தகம் கொண்டு வரமாட்டேன், நீயும் பைபிள் கொண்டு வரக்கூடாது. சரி அங்கிள்னு வந்து பாத்திரம் கழுவினாள். அவங்க குழுத் தலைவருக்கும் சொல்லி அனுப்பினேன். நேபாளத்துக்குப் போறதானால் போங்க தம்பி, ஆனா போற பணத்துல பாதியை அங்க உள்ள ஆளுக்கே வேலையா கொடுங்க, பிள்ளைகள் இல்லத்துக்குக் கூட்டிப் போகாதீங்க என்று. அவர் என்ன முடிவு எடுப்பாரோ தெரியாது. அது அவங்க வீட்டு விஷயம்.

நம்ம வீட்டு விஷயத்துக்கு வர்றேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்துல மூணு விஷயம் எழுத்து மூலமா கேட்கப் போறேன். ஆதரிக்கிறவங்க வாங்க, எதிர்க்கிறவங்களும் வாங்க.

ஒண்ணு, இந்த வருஷம் விஜயதசமி அன்னைக்கு ஒரு வேளை உபயம் நேபாளத் தொழிலாளர்கள் பேர்ல. அவங்க முளைப்பாரியை நம்ம அம்மன் சந்நிதியில வைக்கட்டும், அவங்கள்ல பெரியவர் ஒருத்தர் திகா வைக்கட்டும். முதல் பந்தியில அவங்க உட்காரட்டும். செலவு நானும் என் ஷிப்ட் நண்பர்களும் ஏத்துக்கிறோம்.

ரெண்டு, அவங்கள்ல யார் வீட்டுலயாவது சாவு விழுந்தா கிரியை செய்ய கோயில் பின்னால உள்ள கொட்டகையையும் நம்ம குருக்களையும் இலவசமா கொடுக்கணும்.

மூணு, நம்ம வாலிபப் பிள்ளைகள் ஆறு பேருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுக்கணும். மாசம் ரெண்டு ஞாயிறு, ஒரு வருஷம் முழுக்க. படம் எடுக்கக்கூடாது. என் மகளை மாதிரி 'எனக்கு இங்க என்ன வேலை' என்று கேட்கிற பிள்ளை ஒவ்வொரு வீட்டுலயும் இருக்கு. நம்ம வேலை கொடுக்கலன்னா வேலை கொடுக்கிற இடத்துக்கு அது போகும். போனதுக்கு அப்புறம் வாட்சப்புல அழுது பிரயோசனம் இல்ல.

அந்தப் பையனை மறுபடியும் நம்ம பக்கம் இழுக்கத்தானே இதெல்லாம் செய்றீங்கன்னு ஒருத்தர் கேட்டார். அப்படி நினைச்சு செஞ்சா நானும் நேபாளத்துக்கு டிக்கெட் எடுத்த மாதிரிதான். அவன் ஞாயிறு காலையில சபைக்குப் போகட்டும், சாயங்காலம் நாங்க வரும்போது ஹாஸ்டல்ல இருந்தா டீ போட்டுக் கொடுப்பான். போன வாரம் போட்டுக் கொடுத்தான். சக்கரை அதிகம்.

எழுத்துல தவறு இருந்தா மன்னிக்கவும். கூட்டம் வர்ற வெள்ளிக்கிழமை, பூஜை முடிஞ்சதும், மண்டபத்துல. வாங்க, பேசுவோம்.